சபையும் சந்தையும்

உத்திரமேரூர் என்றதும் கல்வெட்டைத்தான் காட்டுவார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரிலே, முதற் பராந்தகன் காலத்தில் வெட்டப்பட்ட எழுத்துகள். கி.பி. 919இல் ஒரு சாசனம், அதைத் திருத்தி 921இல் மற்றொரு சாசனம். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, சூது அறியாச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுக்கச் செய்து, ஏரிக்கும் தோட்டத்துக்கும் பொன்னுக்கும் வாரியப் பெருமக்களைத் தேர்ந்த வரலாற்றை அவை சொல்கின்றன. "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்களாட்சி கண்ட மண்!" என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். நமக்கும் அதிலே பெருமை உண்டு. கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய உறவினரும் அந்தப் பதவிப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று கல்லிலே வெட்டி வைத்தார்களே, அந்தத் துணிவை வியக்காமல் இருக்க முடியாது. (இன்று அந்த விதியை அப்படியே கொண்டுவந்தால் எத்தனை நாற்காலிகள் காலியாகும் என்று எண்ணும்போதே இனிக்கிறது!)

ஆனால், குடத்துக்குள் போன ஓலைகளில் யாருடைய பெயர்கள் இருந்தன?

அதையும் கல்லே கூறுகிறது. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையிலே வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். மந்திர பிராமணம் கற்றிருக்க வேண்டும். நிலம் குறைந்து அரைக்கால் வேலிதான் உண்டென்றால், ஒரு வேதத்தையும் ஒரு பாடியத்தையும் கற்றிருந்தால் போதும். நிலத்தின் குறையை வேதம் ஈடுசெய்யும், உழைப்பு ஈடுசெய்யாது. ஊரின் பெயரே சதுர்வேதிமங்கலம். தள்ளி வைக்கப்பட்டவரோடு பழகிவிட்டவன்கூடப் பரிகாரம் செய்து முடிக்கும்வரை ஓலைக்கு உரியவன் ஆகமாட்டான். பழகியவனுக்கே இந்த நிலை என்றால், தள்ளி வைக்கப்பட்டவனின் நிலை என்ன? பெண்ணின் நிலை என்ன? வைரமேகத் தடாகத்தின் கரையை உயர்த்திய கூலியாளின் நிலை என்ன? ஏரி வாரியம் இருந்தது; ஏரியிலே மண் சுமந்தவன் அந்த வாரியத்தில் இல்லை.

இதைச் சொன்னால், "அந்தக் காலத்தை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா?" என்று கேட்கும் அறிஞர்கள் உண்டு. அளக்க வேண்டாம். ஏதென்ஸ் நகரத்துப் பேரவையிலும் அடிமைக்கும் பெண்ணுக்கும் இடமில்லை. அதை எந்த வரலாற்று நூலும் மறைப்பதில்லை. இருந்ததை இருந்தபடி கூறுங்கள் என்பதுதான் நாம் கேட்பது. பெருமையை மட்டும் படித்துவிட்டுத் தகுதிப் பட்டியலை விழுங்கிவிடாதீர்கள்.

சபையைப் பார்த்தாயிற்று. இனிச் சந்தைக்குப் போவோம்.

உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர்களிலே வாரம் ஒரு நாள் கூடும் சந்தையைக் கண்டவர்கள் அறிவார்கள். அங்கே குடம் இல்லை, ஓலை இல்லை, வேதம் கற்றாயா என்ற வினா இல்லை. விடியுமுன்னே முளைக்கீரைக் கட்டுகளை ஈரச் சாக்கில் சுற்றித் தலையிலே வைத்துக்கொண்டு வருகிறாள் ஒருத்தி. கத்தரியும் புடலையும் பீர்க்கனும் கூறு கட்டிய குவியல்களாக. அடுத்து, வறுக்காத வேர்க்கடலை. கடலோரத்திலிருந்து வந்த கருவாட்டுக் கூடை, தான் இருக்கும் இடத்தை மூக்குக்கு அறிவித்துவிடுகிறது. அதற்கப்பால் மூங்கிற்கூடை, முறம், பனையோலைப் பெட்டி. வைக்கோலை மெத்தையாகப் பரப்பி அதன்மேல் அடுக்கிய சட்டியும் பானையும். கொல்லன் அடித்த களைக்கொத்தும் அரிவாளும். சுருட்டி நிறுத்திய கோரைப் பாய்கள். வாங்க வருகிறவன் சட்டியைச் சுண்டிப் பார்க்கிறான். ஓசை நன்றாக இருந்தால் எடுத்துக்கொள்கிறான். அதை வனைந்தவன் எந்தத் தெருவைச் சேர்ந்தவன் என்று சட்டியைச் சுண்டினால் தெரியாது!

நம் சிந்தனையைத் தூண்டுவது இதுதான். ஊரிலே தெருவுக்குத் தெரு வேலி போட்டவர்கள், குளத்துக்குக் குளம் பிரித்தவர்கள், சுடுகாட்டைக்கூட இரண்டாக்கியவர்கள், சந்தைக்கு வந்ததும் வேலியை மறந்துவிடுகிறார்களே, எப்படி? அவள் கையால் பறித்த கீரையை, அவள் கையால் நீர் தெளித்த கீரையை, அவள் கையிலிருந்தே வாங்கிப் பையிலே போட்டுக்கொண்டு போகிறாரே பெரியவர், அந்தக் கீரை வீட்டிலே கடையப்பட்டு இலையிலே பரிமாறப்படுகிறது. தீட்டு எங்கே போயிற்று? அந்தக் கையே, அந்தப் பெரியவர் வீட்டுத் திண்ணையிலே நின்று ஒரு செம்புத் தண்ணீரைத் தொட்டால் மட்டும் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது?

மனுவுக்கு இந்தச் சிக்கல் தெரிந்தே இருந்தது. அவருடைய சாத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயம், 129ஆம் சுலோகம்: கைத்தொழில் செய்பவனுடைய கை எப்போதும் தூய்மையானது, கடைவீதியிலே விற்பனைக்குப் பரப்பிய பொருளும் தூய்மையானது என்று விதிக்கிறது. ஏதோ பகுத்தறிவாளன் எழுதியது போலத் தோன்றுகிறதல்லவா? ஏமாற வேண்டாம். அதே நூலின் பத்தாம் அத்தியாயந்தான் சண்டாளன் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. கைவினைஞனின் கைக்குத் தூய்மை வழங்கிய சாத்திரம், அவனுக்கு அதை வழங்கவில்லை. பானை வேண்டும், ஆகவே பானை செய்த கை தூய்மை. துணி வேண்டும், ஆகவே தறி தொட்ட கை தூய்மை. வேண்டியது கைக்கு வந்து சேர்ந்த பிறகு, அந்தக் கைக்கு உரியவன் வாசலுக்கு வெளியே!

வாங்குகிறவன் தன் வசதிக்காக எழுதிக்கொண்ட விதிவிலக்கு இது. ஆனால், அந்த விதிவிலக்கிலே ஓர் ஒப்புதல் வாக்குமூலம் அடங்கிக் கிடக்கிறது. தீட்டு என்பது தீயைப் போலச் சுடுவது, நஞ்சைப் போலக் கொல்வது என்றால், அதற்குச் சந்தை நாளிலே விடுமுறை எப்படிக் கிடைக்கும்? நஞ்சு செவ்வாய்க்கிழமை கொன்று புதன்கிழமை சும்மா இருக்குமா? வேண்டும்போது விலக்கிக்கொள்ளவும் வேண்டாதபோது மாட்டிக்கொள்ளவும் முடிகிற ஒன்று இயற்கையாக இருக்க முடியாது. அது ஏற்பாடு. ஏற்பாடு என்றால் செய்தவர்கள் உண்டு. செய்ததனால் பயன் பெற்றவர்களும் உண்டு.

சரி, சந்தையே சாதியை ஒழித்துவிடும், காசு புழங்கப் புழங்கக் கட்டுகள் அறும் என்று நம்பலாமா? அப்படி நம்பியவர் பலர். வால்டேர் போன்ற பேரறிஞரும் அவர்களுள் ஒருவர். 1730களில் ஆங்கில நாட்டைப் பற்றி அவர் எழுதிய கடிதங்களிலே, இலண்டன் பங்கு வணிக மாளிகையை வியந்து பேசுகிறார். யூதரும் முகமதியரும் கிறித்தவரும் அங்கே ஒரே மதத்தாரைப் போலக் கொடுக்கல் வாங்கல் செய்கின்றனர். திவாலானவனை மட்டுமே அங்கே மதத்துரோகி என்கின்றனர் என்பது அவருடைய கிண்டல். அருமையான கிண்டல். ஆனால், அதே காலத்தில்தான் ஆங்கிலக் கப்பல்கள் ஆப்பிரிக்க மக்களைச் சங்கிலியிலே பூட்டி ஏற்றிச் சென்றன. 1807வரை அந்த வாணிபம் சட்டத்தின் காவலோடு நடந்தது. மதத்தை மறந்த சந்தை மனிதனையும் மறந்து, அவனையே சரக்காக்கி விலை வைத்தது.

அவ்வளவு தொலைவு போவானேன்? 2022 செப்டம்பரில், தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் பக்கத்துப் பாஞ்சாகுளத்திலே நடந்ததை நினைத்துப் பாருங்கள். பட்டியல் சாதிப் பிள்ளைகள் கையிலே காசோடு பெட்டிக்கடைக்குப் போனார்கள், தின்பண்டம் வாங்க. ஊர்க் கட்டுப்பாடு, இனி உங்களுக்குக் கொடுக்க மாட்டோம், வீட்டிலே போய்ச் சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அதைப் படம் பிடித்து ஊரெங்கும் பரப்பியதால்தான் நாடறிந்தது. கைது நடந்தது, கடை மூடப்பட்டது. அந்தப் பிள்ளைகள் கடனா கேட்டார்கள்? காசு இருந்தது. அந்தக் காசிலே தீட்டும் இல்லை. ஆனாலும் சாதி, தண்டிக்க வேண்டும் என்று முடிவு செய்தவுடன் முதலிலே அடைத்தது கடை வாசலைத்தான். தன் தேவைக்காகச் சந்தையிலே கண்ணை மூடிக்கொள்ளும் சாதி, எந்த நேரத்திலும் கண்ணைத் திறந்துகொள்ளும்.

சந்தைக்குப் போகும் வழியே போர்க்களமாக இருந்த வரலாறும் நமக்கு உண்டு. திருவிதாங்கூரிலே 1858, 1859ஆம் ஆண்டுகளில், தோளிலே சீலை போட்டுக்கொண்டு வந்த நாடார் குலப் பெண்கள் சந்தைகளிலே தாக்கப்பட்டார்கள், சீலைகள் கிழிக்கப்பட்டன. விற்க வந்த பண்டத்தை வாங்கலாம், விற்க வந்தவள் மானத்தோடு வரக்கூடாது! அதே நாட்டிலே 1893இல் அய்யன்காளி, வில்வண்டி பூட்டிப் பொதுச்சாலையிலே ஓட்டிச் சென்றார். சாலையிலே வண்டி ஓட்டுவது ஒரு புரட்சியாக இருந்த காலம் அது. உத்திரமேரூருக்கு அடுத்த மதுராந்தகம் பகுதியிலே, கோழியாளம் என்ற சிற்றூரில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்திலே அவர் கொண்டுவந்த தீர்மானந்தான், பொதுச்சாலையிலும் தெருவிலும் கிணற்றிலும் குளத்திலும் பொது அலுவலகத்திலும், பொதுமக்கள் புழங்கும் இடங்களிலும் எந்த வகுப்பாரும் தடையின்றிச் செல்லலாம் என்று அறிவிக்க வைத்தது. 1950இல் அரசியல் சட்டம் வந்தது. கடைக்குள்ளே நுழைவதைச் சாதி காட்டித் தடுக்கக் கூடாது என்று அதன் 15ஆம் விதியும், தீண்டாமை ஒழிந்தது என்று 17ஆம் விதியும் கூறின.

ஆகவே, இன்று சந்தையிலே நாம் காணும் கலப்பு, காசின் கருணையால் தானாக வந்ததன்று. வண்டி ஓட்டியவர்களும் அடி வாங்கியவர்களும் தீர்மானம் கொண்டுவந்தவர்களும் பெற்றுத் தந்தது. பெற்றதைக் காக்க ஆளில்லாவிட்டால் பாஞ்சாகுளம் எந்த ஊரிலும் நடக்கும்.

இனி விலைக்கு வருவோம். இங்கேதான் நம்மைப் போன்ற படித்தவர்களின் நியாயத்தையும் தராசிலே வைக்க வேண்டியிருக்கிறது.

நகரத்துக் கண்ணாடிக் கடையிலே, பொட்டலத்தின் முதுகிலே அச்சிட்ட விலையை வாய் திறவாமல் கொடுக்கிறவர், சந்தையிலே கீரைக்காரியிடம் வந்ததும் பெரிய வழக்கறிஞராகி விடுகிறார். கட்டு இருபது ரூபாயா, பதினைந்துக்குத் தா. இரண்டு எடுக்கிறேன், இருபத்தைந்துக்குத் தா. வாதம் செய்து வென்று, போதாதென்று கொசுறும் கேட்கிறார். அவளும் ஒரு பிடி கொத்தமல்லியைக் கிள்ளிப் போடுகிறாள். குத்தகை நிலத்திலே நான்கு பாத்தி போட்டவள், மாதச் சம்பளக்காரருக்குத் தருமம் செய்கிறாள்! பேரம் பேசுவது சந்தையின் சுவை என்பார்கள். இருவரும் சமமாக நின்றால் சுவைதான். மாட்டுச் சந்தையிலே தரகர்கள் துண்டுக்குள்ளே கைவிட்டு விரலைப் பிடித்துப் பேரம் பேசுவார்களே, அங்கே விற்கிறவனுக்கு மாட்டைத் திருப்பி ஓட்டிச் செல்லும் வழி உண்டு. அடுத்த வாரமும் மாடு மாடாகவே இருக்கும். கீரை அப்படி அன்று. பொழுது ஏற ஏற வாடுகிறது. வாட வாட அவளுடைய குரல் தாழ்கிறது. நண்பகலுக்குப் பிறகு வருகிறவர், தம் சாமர்த்தியத்தால் விலையைக் குறைத்ததாக எண்ணிக்கொள்கிறார், குறைத்தது வெயில்.

விலை குறைவது மட்டுமா? அளவும் குறைந்தது. படி, மரக்கால், வீசை, பலம் என்று ஊருக்கோர் அளவை வழங்கிய நாளிலே, வாங்கும்போது ஒரு படி, கொடுக்கும்போது ஒரு படி வைத்திருந்த வாணிகர்கள் உண்டு. 1956இல் எடை அளவைச் சட்டம் இயற்றி, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடையைப் படிப்படியாக நாடெங்கும் கொண்டுவந்தார்கள். வீசைக்குப் பழகிய பாட்டிமார் கிலோவைச் சபித்தார்கள். ஆனால், ஊருக்கு ஊர் மாறும் படியைவிட, நாடெங்கும் ஒன்றான எடைக்கல் ஏழைக்குத் துணை என்பதிலே நமக்கு ஐயமில்லை. எத்தனையோ உபதேசங்கள் செய்யாததை முத்திரை குத்திய ஓர் இரும்புத் துண்டு செய்தது.

உழவர் சந்தையும் அப்படிப்பட்ட ஓர் ஏற்பாடுதான். பஞ்சாபிலே 1987இல் 'அப்னி மண்டி' தோன்றியது. ஆந்திரத்திலே 1999 தொடக்கத்தில் 'ரைத்து பசார்'. அதே ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், கலைஞர் ஆட்சியிலே, மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. உழவன் என்பதற்கு அடையாள அட்டை. இடத்துக்கு வாடகை இல்லை. தராசு அரசினுடையது. மொத்த விலைக்கு மேலாகவும் சில்லறை விலைக்குக் கீழாகவும் அன்றன்றைய விலையைக் குறித்து, பலகையிலே எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டினார்கள். துண்டுக்குள் விரல் பிடிக்கும் பேரம் எங்கே, பலகையிலே எழுதிய விலை எங்கே! 2001இல் ஆட்சி மாறிய பின்னர் அவை கவனிப்பாரற்றுப் போயின. 2006க்குப் பிறகு மீண்டும் உயிர் பெற்றன. குறைகள் இல்லாமல் இல்லை. உழவர் என்ற பெயரிலே வாணிகர் நுழைவதாகப் புகார் எழுவதுண்டு. அதற்காக ஏற்பாட்டையே இகழ்வோரிடம் நாம் கேட்கிறோம்: கலப்படம் உண்டு என்பதற்காக யாராவது சோற்றை வெறுக்கிறார்களா?

குறை வேறிடத்தில் இருக்கிறது. காய்கறிக்காரருக்குப் பலகை வந்தது. முறம் பின்னுகிறவருக்கு வரவில்லை. பானை வனைகிறவருக்கு வரவில்லை. மூங்கில் விலை ஏறுகிறது, களிமண் எடுக்க அனுமதி தேடி அலைகிறார்கள், ஆனால் முறத்தின் விலை மட்டும் பாட்டி காலத்து நினைவோடு பேசப்படுகிறது. நெகிழிக் கூடை பக்கத்திலே பல்லிளிக்கிறது. காஞ்சிப் பட்டு நெய்கிறவரோ சந்தைக்கு வருவதே இல்லை. அவர் நெய்த சேலைக்கும் அவருக்கும் நடுவே இத்தனை படிகள், இத்தனை கைகள். கடைக்குப் போய்த் தாம் நெய்த சேலையின் விலையைக் கேட்டால் அவருக்கே மயக்கம் வரும்.

அவரினும் கீழே, சந்தைக்கே வர முடியாதவர் இருக்கிறார். விற்க எதுவும் இல்லாதவர். ஏனென்றால் அவரே விற்கப்பட்டுவிட்டார். 2019 சூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களிலே மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரைக் கொத்தடிமைகளாக மீட்டார்கள், பெரும்பாலோர் இருளர். முதியவர் ஒருவர் மீட்க வந்த அதிகாரியின் காலிலே விழுந்த படத்தை ஏடுகளிலே பார்த்தோம். கொத்தடிமை முறையை ஒழித்த சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. முன்பணம் என்று சில ஆயிரம், சிலருக்கு ஓராயிரம். அதற்கு ஒரு குடும்பம், ஆண்டுக்கணக்கில்! அந்த விலையை எந்தச் சந்தையிலே, யார் பேசி முடித்தார்கள்? அங்கே போட்டி இல்லை, பலகை இல்லை, எடைக்கல் இல்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் நடந்ததைப் பற்றிப் பேசவில்லை நாம், நம் வட்டாரத்தைப் பற்றி, நம் வாழ்நாளைப் பற்றிப் பேசுகிறோம்.

இடையிலே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், சந்தையிலே மூடத்தனம் இல்லை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக. போணி! முதல் வியாபாரம் யார் கையால் என்பதிலே எத்தனை அச்சம். கைம்பெண் முதலிலே வந்து நின்றால் முகத்தைச் சுளிக்கிற கடைக்காரர், அவளைவிட ஏழையாக இருப்பார். அவருடைய சொந்தத் தாயே கைம்பெண்ணாக இருப்பாள். ஆயுத பூசை வந்தால் போதும், மூன்று மாதம் நீர் ஊற்றி வளர்த்த பூசணிக்காய்களை வாங்கி நடுத்தெருவிலே போட்டு உடைக்கிறார்கள், கண்ணேறு கழிய. உடைந்த துண்டிலே வழுக்கி விழுந்து கால் முறிந்தவர்களின் கண்ணேறு எந்தப் பூசணியால் கழிந்தது? நம் இளைஞர்கள் விடியற்காலையிலே சந்தைக்குப் போகட்டும், கைம்பெண்களான தங்கள் தாயையும் அத்தையையும் முன்னே நிறுத்தி முதல் போணி செய்யட்டும். அன்றைய வியாபாரம் எப்படி என்று மாலையிலே கேட்டுப் பார்க்கட்டும்.

அங்கே கேட்க வேண்டிய வேறொன்றும் இருக்கிறது. சந்தையிலே சுங்கம் வசூலிக்கும் உரிமையை உள்ளாட்சி மன்றம் ஏலத்தில் விடுகிறது. ஏலம் எடுத்தவர் போட்ட முதலை எடுத்தாக வேண்டும். கூடைக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டுகிறார். விதித்த கட்டணம் எவ்வளவு என்ற பலகை கண்ணிலே படும் இடத்தில் இருந்தால், கீரைக்காரி எண்ணிக் கொடுப்பாள். இல்லாவிட்டால் கேட்டதைக் கொடுப்பாள். வாங்கியதற்குச் சீட்டு உண்டா? சந்தையிலே கழிப்பிடம் உண்டா, குடிநீர் உண்டா, மழைக்கு ஒதுங்கக் கூரை உண்டா? ஏலத்திலே வந்த பணம் சந்தைக்குச் செலவானதா, வேறெங்கேனும் போனதா?

இவற்றைக் கேட்பதற்கு இப்போது ஓர் இடம் இருக்கிறது. 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபையைத் தந்திருக்கின்றன. வாக்காளர் பட்டியலிலே பெயர் இருந்தால் போதும், உறுப்பினர். கால் வேலி வேண்டாம், மந்திர பிராமணம் வேண்டாம். முறம் பின்னுகிறவர் உறுப்பினர். கருவாடு விற்கிறவர் உறுப்பினர். மீட்கப்பட்டு வந்த இருளர், பட்டியலிலே பெயர் சேர்க்கப்பட்டிருந்தால், உறுப்பினர். ஆண்டிலே குறித்த நாள்களில் சபை கூடுகிறது. மே முதல் நாள், உழைப்பவரின் நாள், அவற்றுள் ஒன்று. உத்திரமேரூர் வட்டாரத்து ஊராட்சிகளிலே நம் தோழர்கள் அன்று என்ன செய்யப் போகிறார்கள்? மாலை நேரத்துப் பொதுக்கூட்டத்துக்கு மேடை போடுவதற்கு முன்னால், காலையிலே கீரைக்காரியையும் கூடைக்காரரையும் அழைத்துக்கொண்டு சபைக்குப் போகட்டும். அவர்களை நாற்காலியிலே உட்கார வைக்கட்டும். தரையிலே அன்று, நாற்காலியிலே. பிறகு அவர்களையே கேட்கச் சொல்லட்டும்: சந்தை எவ்வளவுக்கு ஏலம் போயிற்று, கணக்கைப் படியுங்கள் என்று.